உந்தப் பக்கம் எந்தப் பக்கம்?

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடல் தாண்டிப் போய்வந்து எழுதுகிறவர்களுக்கென்று ஒரு முகம் இருக்கிறது; கண்ணாடி போட்டு, மோவாயில் கை வைத்த முகம். எனக்கு அது அமையாது. எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதும் தெரியாது. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். சரியாகச் சொன்னால், அதுதான் என்னை விட்டது. ஆனால் இன்று நாகப்பட்டினத்தில் எங்கள் பட்டறையில் கரண்ட் இல்லை, மெஷின் தூங்குகிறது, முதலாளி ஊரில் இல்லை. சும்மா இருப்பதற்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பட்டறையில் அச்சடிப்பது கல்யாணப் பத்திரிகை இல்லை. எங்களுடையது த்ரீடி பிரிண்டர். முதலாளி பாலா அண்ணன் கட்டடக்கலை படித்தவர். வெளிநாட்டில் யாரோ செய்வதைப் பார்த்துவிட்டு, நம் ஊர் உப்புக்காற்றுக்குத் தோதாக மாற்றி மாற்றி அடித்துப் பார்த்து, கடைசியில் ஒரு பொருளைக் கொண்டுவந்தார். தானாக வளையும் இலை. பள்ளிக்கூட நோட்டு அளவுதான் இருக்கும்.

அதன் ஒரு பக்கம் பழுப்பு. மரத்தூள் கலந்தது, ஈரம் பட்டால் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். மறுபக்கம் வெள்ளை. வெறும் பிளாஸ்டிக், எது நடந்தாலும் அசராது. இரண்டும் ஒட்டிப் பிறந்ததால் நனைந்தால் இலை வெள்ளைப் பக்கமாக வளையும், காய்ந்தால் பழுப்புப் பக்கமாக வளையும். மோட்டார் கிடையாது, ரிமோட் கிடையாது. தோசையின் ஓரம் காய்ந்ததும் கல்லைவிட்டு எழும்புகிறதே, அதற்கு யார் ஸ்விட்ச் போட்டார்கள்? இந்த இலைகளைச் செதில் செதிலாகச் சட்டத்தில் அடுக்கினால், வெயிலுக்குத் திறந்து மழைக்குத் தானே மூடிக்கொள்ளும் சுவர் கிடைக்கும்.

இந்தச் சுவரை முதலில் கேட்டவர் யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம் கருவாடு போடும் ஜெசிந்தா அக்கா. அங்கே ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து கடற்கரையில் ஒரு கொட்டில் எழுப்பி, அதற்குச் சட்டமும் அடித்துவிட்டார்கள். இலை மட்டும் பாக்கி. மாதிரிக்கு ஓர் இலையை முன்பே அனுப்பியிருந்தோம். அக்கா அதைத் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டு, வெயிலிலும் பனியிலும் எப்படி வளைகிறது என்று பார்த்து வைத்திருந்தார்.

"சட்டத்துல மாட்டுற கொக்கி எந்தப் பக்கம் வரணும்னு அவங்ககிட்டயே கேட்டு அடிடா" என்றுவிட்டு பாலா அண்ணன் சென்னைக்குப் போய்விட்டார். நான் வீடியோ காலில் ஓர் இலையைத் தூக்கிப் பிடித்தேன். பழுப்புப் பக்கம் அக்காவைப் பார்த்தது, வெள்ளைப் பக்கம் என்னைப் பார்த்தது.

"கொக்கி எந்தப் பக்கம்க்கா வரணும்?"

"உந்தப் பக்கம் தம்பி" என்றார் அக்கா.

நம் ஊரில் 'அந்த' என்பது அவர்கள் ஊரில் 'உந்த'. இவ்வளவு சுலபமா யாழ்ப்பாணத் தமிழ் என்று என்னையே மெச்சிக்கொண்டு, எனக்கு அந்தப் பக்கமாக இருந்த பழுப்பில் எல்லாக் கொக்கிகளையும் அடித்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கொட்டில் தயாராகிவிட வேண்டும் என்பதில் மட்டும் அக்கா கறாராக இருந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை. வெளிநாடு போகிற ஆசையில் இருப்பவன் கேள்வி கேட்க மாட்டான்.

புதன்கிழமை காங்கேசன்துறையில் இறங்கினேன். கப்பலில் நான் வாந்தி எடுத்ததைப் பற்றிச் சொல்வதற்கில்லை, கப்பலே பேசியிருக்கும். சுங்கக் கூடத்தில் ஏசி நன்றாக வேலை செய்தது. அதுதான் வினை. கடல் ஈரத்தில் ஊறி வந்த இலைகள் ஏசியில் காயத் தொடங்கின. அதிகாரி பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒவ்வொன்றாக 'டக், டக்' என்று நெளிந்துகொண்டிருந்தன. அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"உது என்ன?"

"இலை சார். பிளாஸ்டிக்கும் மரத்தூளும்."

"ஏன் துடிக்குது?"

"ஏசி ஒத்துக்கல சார்."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு ஏதோ சிங்களத்தில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் சேலை மூட்டையோடு நின்ற வியாபாரி என் காதில் மொழிபெயர்த்தார்: "பப்படம் எண்டு சொல்லுறார் தம்பி. பொரிக்காத பப்படம், போகட்டும் விடு எண்டு." பாலா அண்ணனின் பல மாத ஆராய்ச்சி அப்பளம் என்ற பெயரில் இலங்கைக்குள் நுழைந்தது.

வெளியே ஓட்டோவோடு காத்திருந்தவன் ரூபன், ஜெசிந்தா அக்காவின் தம்பி. என் வயதுதான் இருக்கும். மரியாதையாக அருகில் வந்து, என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துச் சொன்னான்:

"உதைத் தாங்கோ அண்ணை."

"வந்து இறங்கினதும் உதையா? அப்படி என்னங்க பண்ணிட்டேன்?"

அவனுக்குப் புரியவில்லை. நான் காலைத் தூக்கிக் காட்டினேன். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் சேலை வியாபாரி திரும்பிப் பார்த்தார்.

"எங்கடை ஊரிலை உதை எண்டால் உந்தச் சாமான், அண்ணை. உங்கடை ஊரிலை?"

"காலால கொடுக்கிறது."

"அப்ப நான் 'உதை விடு' எண்டு சொன்னால்?"

"அடி விழப்போவுதுன்னு ஓடுவேன்."

"எங்கடை ஊரிலை அந்தக் கதையை விடு எண்டு அர்த்தம்." அவன் பெட்டியை வாங்கிப் பின்னால் கட்டினான். "கவனம். இஞ்சை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் உதை விழும்."

நான் 'உது' என்றால் 'அது' என்று மனதில் இன்னொரு முறை எழுதிக்கொண்டேன். நன்றாக அடிக்கோடும் போட்டேன்.

பழைய சீமெந்துத் தொழிற்சாலையைத் தாண்டினோம். பெரிய சாம்பல் நிறக் கட்டடம், அசையாமல் நின்றது. "எங்க சரக்கு இதைவிட உசத்தி. அசையும்" என்றேன். நான் சொல்லி வாயை மூடவில்லை, ஓட்டோ அசையாமல் நின்றது.

"பெற்றோல் முடிஞ்சுது" என்றான் ரூபன்.

"முள் நிறைய இருக்குன்னு காட்டுதே."

"அது எப்பவும் அப்பிடித்தான் காட்டும். நம்பிக்கை உள்ள முள்."

வெளிநாட்டில் என் முதல் வேலை ஓட்டோ தள்ளுவது. தள்ளித் தள்ளிப் பெற்றோல் நிலையம் போய்ச் சேர்வதற்குள் அவன் என்னை 'அண்ணை'யிலிருந்து 'மச்சான்' ஆக்கிவிட்டான்.

அக்கா வீட்டில் புட்டும் மீன்குழம்பும். எங்கள் வீட்டில் புட்டு என்றால் வாழைப்பழம், சர்க்கரை, தேங்காய்ப்பூ. ஏதோ நோய்விட்டு எழுந்தவனுக்குக் கொடுப்பது போல இருக்கும். இங்கே அதைக் குழம்பில் குளிப்பாட்டி, சம்பலைத் தொட்டுக்கொண்டு, சண்டைக்குப் போகிறவன் மாதிரி சாப்பிடுகிறார்கள். காரத்தில் எனக்குக் காது அடைத்தது. "உறைக்குதோ தம்பி?" என்று அக்கா கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கண்ணீர் வேறு கதை சொன்னது. பிறகு பால் சேர்க்காத பிளேன்ரீ வந்தது, சீனி தனியாக. உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, நக்கிக் கொஞ்சம், குடித்துக் கொஞ்சம். இதை மட்டும் நான் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா தினமும் திட்டுகிறாள்.

அந்த இரவுச் சாப்பாட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை விஷயம் வெளிவந்தது. நான்தான் ஆரம்பித்தேன். "ஞாயித்துக்கிழமை என்னக்கா, மந்திரி யாராவது வர்றாங்களா?"

"இளையவளுக்கு முதல்நன்மை" என்றார் அக்கா. எங்கள் வேளாங்கண்ணிப் பக்கத்தில் புதுநன்மை என்பார்கள். பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை தைத்து அலுமாரியில் தொங்கியது. அக்கா தன் மூத்த மகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போன வரியம் உவளின்ரை முதல்நன்மை. பூசை நடக்கேக்கை மழை துமிச்சுது. மழை துமிச்சால் எங்கடை கோயிலிலை பாதிச் சனம் எழும்பி ஓடும், கருவாட்டை மூட. நானும் ஓடீட்டன். படங்கை இழுத்துப் போட்டிட்டு ஓடி வாறன், எல்லாம் முடிஞ்சுது. நன்மை வாங்கிப்போட்டுத் திரும்பிப் பாத்தவளாம். நான் இருந்த வாங்கிலை என்ரை கைப்பை மட்டும் இருந்ததாம்."

"காலையிலயே தார்ப்பாயால மூடி வெச்சிட்டுப் போகலாமேக்கா."

"வெயிலிலை மூடிக் கிடந்தால் வேர்த்துப் பழுதாப் போகும். சனிக்கிழமை வெட்டிப் போடுறது ஞாயிறு காயோணும். ஆரையும் காவலுக்கு விடுவமெண்டால், எல்லாரும் அந்தப் பூசையிலைதான்." மூத்தவள் புட்டைப் பிசைந்துகொண்டே, "அம்மா இந்த முறையும் ஓடுவா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு வெயில் அடிக்கும் என்பது போலச் சொன்னாள். எனக்கு வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஒரு கிண்டல் வரும். வரவில்லை. காரம்தான் காரணம் என்று ரூபனிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை எல்லாரும் சேர்ந்து இலை மாட்டினோம். கொட்டில் கடலைப் பார்த்து நின்றது. உள்ளே மீன் பரப்பும் தட்டுகள், நான்கு பக்கமும் கூரையும் குறுக்குச் சட்டங்கள். ஒவ்வோர் இலையையும் கொக்கியால் சட்டத்தில் தொங்கவிட வேண்டும், மேல் இலை கீழ் இலையைக் கொஞ்சம் மூட வேண்டும். பிலோமினா அக்கா என்று ஒருவர் இருந்தார். கூட்டத்திலேயே பெரிய குரல், பெரிய கத்தி. அவருக்கு இந்த வேலை முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

"மீனைச் செதில் உரிச்சுக் காயப்போடுறம்" என்றார் அவர். "இப்ப கொட்டிலுக்குச் செதில் வைக்கிறம். நல்ல முன்னேற்றம்."

"செதில் இருக்கிறதுதான்க்கா நீந்தும்" என்றேன்.

"அப்ப மழைக்கு உங்கடை கொட்டில் இந்தியாவுக்கு நீந்திவருமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். வாயாடி என்று ஊரில் பெயர் எடுத்தவன் நான், இந்த ஊரில் எனக்கு வேலை இல்லை என்று புரிந்தது. சாயந்தரம் கடைசி இலையை மாட்டியபோது கொட்டில் உண்மையிலேயே அழகாக இருந்தது. பெரிய பழுப்பு மீன் ஒன்று கரையேறிப் படுத்திருக்கிற மாதிரி என்று எழுத ஆசை. ஆனால் அது வெள்ளை மீன். வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தது. அக்கா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "வெள்ளை வெளியாலை நிக்குது" என்றார்.

"வெயில் வரட்டும்க்கா, பாருங்க" என்றேன். நிபுணனின் குரலில்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். இலைகள் எழும்பித் திறக்க வேண்டும். திறக்கவில்லை. வெயில் ஏற ஏறச் சட்டத்தோடு ஒட்டி, விரல் நுழையாதபடி இறுகிக்கொண்டன. உள்ளே தட்டில் சோதனைக்குப் போட்டிருந்த கொஞ்சம் மீனுக்கு வேர்த்தது. எனக்கும் வேர்த்தது.

"வெட்கப்படுது. புது இடம்" என்றேன்.

பிலோமினா அக்கா போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஒரு பக்கம் முழுக்க வீசினார். பிளேன்ரீ வந்தது, குடித்தோம். சீனி தீரும் நேரத்துக்குள், நனைந்த இலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. கடைசியில் அந்தப் பக்கம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தது.

"நல்ல சாமான். மழைக்கு ஆவெண்டு திறக்குது, வெயிலுக்கு வாயை மூடுது" என்றார் பிலோமினா அக்கா. "குடை விக்கிறவன் கண்டால் அழுவான். மழைக்குச் சுருக்கிற குடை."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஜெசிந்தா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஓர் இலையைக் கழற்றி எடுத்துவந்து என் முன்னால் பிடித்தார்.

"தம்பி, கொக்கி எல்லாம் பழுப்பிலை கிடக்கு. நான் வெள்ளையிலையெல்லோ கேட்டனான்."

"நீங்க சொன்ன பக்கம்தான்க்கா போட்டேன்."

"நான் உந்தப் பக்கமெண்டெல்லோ சொன்னனான்."

"அதேதான். அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கமில்லை, உந்தப் பக்கம்."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

பிலோமினா அக்காகூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ரூபன் கையில் இருந்த தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டினான்.

"மச்சான், இஞ்சை பார். இது என்ரை கையிலை கிடக்கிற கோப்பை. உது?" என் கோப்பையைக் காட்டினான். "உன்ரை கையிலை கிடக்கிறது. அது?" தூரத்தில் வள்ளத்தின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன கோப்பையைக் காட்டினான். "அது எனக்கும் கிட்ட இல்லை, உனக்கும் கிட்ட இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. அக்கா போனில் சொன்னது என் பக்கத்தை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையை. நான் அடித்தது அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பழுப்பில்.

எனக்குத் தமிழ் வாத்தியார் ஞாபகம் வந்தார். அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "உ இப்போது வழக்கில் இல்லை" என்று அவரே அழித்துவிட்டார். அன்று நான் அதைப் பெரிய நிம்மதியாக எடுத்துக்கொண்டேன், படிக்க ஓர் எழுத்துக் குறைவு. வழக்கில் இல்லாத எழுத்து கடல் தாண்டி வந்து என்னை வழக்கில் மாட்டிவிட்டது.

பாலா அண்ணனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய்விட்டு நாள் எண்ணினார். பிறகு, "புதுசா அடிச்சு அனுப்ப நாள் இல்லை. கொக்கியை அறுத்துடு. இலையைத் திருப்பி, வெள்ளை உள்ளே வர்ற மாதிரி சட்டத்தோட சேர்த்துக் கட்டு. மேல் ஓரத்தை மட்டும் கட்டு, மத்த மூணு ஓரமும் சும்மா தொங்கணும். எதாலயாவது கட்டு" என்றார். வைக்கும்முன் இன்னொன்றும் சொன்னார். அது கடல் தாண்டியும் உதைதான், நம் ஊர் அர்த்தத்தில்.

'எதாலயாவது' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள். வலை பின்னும் ஊசியும் நைலோன் நூலும் இல்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை. ரூபனும் நானும் ரம்பத்தால் கொக்கிகளை அறுத்து மேல் ஓரத்தில் துளை போட, அவர்கள் கட்டிக்கொண்டே போனார்கள். பிலோமினா அக்கா முதலில் பழக்கதோஷத்தில் நான்கு ஓரமும் முடிச்சுப் போட்டு ஓர் இலையை வலைக்குள் மாட்டிய மீன் மாதிரி ஆக்கினார். "அதை விடுங்கக்கா, மூச்சு விடட்டும்" என்றேன்.

"அதை இல்லை, உதை" என்றார் அவர். இலை அவர் கையில் இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதும் தப்பு.

"உங்க கையில இருக்கு, நான் பேசறேன். அப்ப நான்தான் 'உதை'ன்னு சொல்லணும். நீங்க 'இதை'ன்னு சொல்லணும்."

"திருத்திறதுக்குத்தானே சொன்னனான்" என்றார். "பரவாயில்லை, விளங்கியிட்டுது உனக்கு." அதற்கு மேல் அவர் என்னை 'இந்தியாத் தம்பி' என்று கூப்பிடவில்லை, 'உவன்' என்றே கூப்பிட்டார். ரூபன் அதைப் பதவி உயர்வு என்றான்.

மஞ்சள் வெயிலில் கட்டி முடித்தோம். இப்போது மீன் பழுப்பாக இருந்தது. அக்கா இளையவளைக் கூப்பிட்டு எல்லா இலையும் காற்றுக்கு ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டே போனது. என் பெயரிலும் ஓர் இலை கிடைத்தது, கொஞ்சம் கோணலானது.

சனிக்கிழமை காலை வெயில் ஏறியதும் இலைகள் எழும்பின. கொட்டில் முழுக்கத் திறந்து, கடற்காற்று உள்ளே புகுந்து வெளியே வந்தது. பிலோமினா அக்கா மறுபடி வாளியோடு வந்தார். வீசினார். இந்த முறை யாரும் தேநீர் போடவில்லை, எல்லாரும் நின்று பார்த்தோம். மெல்ல, மிக மெல்ல, நனைந்த இலைகள் சட்டத்தை நோக்கிப் படுத்தன. கடைசியாகப் படுத்தது கோணல் இலை. நான் வாய்விட்டு மூச்சு விட்டதை ரூபன் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

பிலோமினா அக்கா உள்ளே கைவிட்டுத் தட்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. "வாளித் தண்ணி வேறை, மழை வேறை" என்றார். "நான் நாளைக்கு என்ரை படங்கை மடிச்சுக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டுதான் பூசைக்கு வருவன்." தன் மீனில் பாதியைக் கொட்டிலுக்குள்ளும் பாதியை வெளியே பாயிலும் பரப்பினார். ஜெசிந்தா அக்கா தன்னுடையதை எல்லாம் உள்ளேதான் பரப்பினார். பரப்பிவிட்டு என்னிடம் கேட்டார்:

"மெய்யாய்ப் பூட்டுமோ தம்பி?"

யாழ்ப்பாணத்தில் பூட்டு என்றால் மூடு என்றும் அர்த்தம். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பதில் சொன்னேன். பட்ட பிறகு வந்த புத்தி. "பூட்டும்க்கா" என்றேன். கிண்டல் சேர்க்கவில்லை. பெரிய மழையில் இதை நாங்களே பார்த்ததில்லை என்பதையும் சேர்க்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து அதையும் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் கப்பல். கிளம்பும்போது அக்கா ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தார்.

"நாகப்பட்டினத்துக்காரனுக்கே கருவாடாக்கா?"

"உங்கடை கருவாட்டைத் திண்டனான் தம்பி. உப்புக்குள்ளை மீன் தேடோணும்."

காங்கேசன்துறையில் அதே சுங்க அதிகாரி. பையைத் திறந்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார். "பப்படத்தைக் குடுத்துக் கருவாடு வாங்கினீரோ?" என்றார். ஓம் என்றேன். 'ஆமா' என்று வாயில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் படுத்திருந்தேன். தென்கிழக்கே கடல்பக்கம் கறுத்தது. எங்கள் தெருவில் முதல் துளி விழுந்தபோது எழுந்து உட்கார்ந்தேன். இந்த மேகம் அங்கிருந்து வருகிறதா, இங்கிருந்து அங்கே போகிறதா என்று தெரியவில்லை. அம்மா மாடியில் துணி எடுக்க ஓடினாள். நான் போனை எடுத்தேன்.

"அங்க மழையா?" என்று ரூபனுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

"இலை மூடிச்சா?" பதில் இல்லை.

"அக்கா எங்க இருக்காங்க? ஓடிட்டாங்களா? டேய், உன்னைத்தான், நீ போட்ட துளையில ஒண்ணு பெருசா இருந்துச்சே, அது என்ன ஆச்சு?"

மழை வலுத்தது. பிளேன்ரீ போட்டேன், உள்ளங்கையில் சீனி வைத்தேன், நக்க மறந்துபோய் அது கசிந்து விரலெல்லாம் ஒட்டியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கிறது, கோயில் பெஞ்சில் ஒரு கைப்பை இருக்கிறது; இதுவே திரும்பத் திரும்ப ஓடியது. ரூபன் கோயிலில் எப்போதும் கடைசிக் கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்பான், போன் பார்க்க வசதியாக. அவனே சொல்லியிருக்கிறான். பிறகு ஏன் பார்க்கவில்லை?

சீனிக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் முனகியது.

"உதை விடு மச்சான், பூசைக்குள்ளை நிக்கிறன், மழை ஊத்துது, பிலோமினாக்காகூட எழும்பேல்லை."